ஆங்கிலப் பேப்பர் படித்தால் ஆங்கிலம் வந்துவிடுமா?

தண்டையார்பேட்டையில் மாடி டியூஷன் நடத்துபவரும் பெரம்பூரில் வங்கித் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பவரும் ஒரே அறிவுரையைத்தான் சொல்கிறார்கள்: தினமும் ஆங்கில நாளிதழ் படியுங்கள், ஆங்கிலம் தானாக வரும். அதை நம்பி வீட்டுக்குப் பேப்பர் போடச் சொன்னவர்கள் ஏராளம். முதல் வாரம் அகராதியும் பென்சிலுமாகப் போகிறது. அடுத்த வாரம் தலைப்புகளோடு நின்றுவிடுகிறது. மாத முடிவில் மடிப்புக் கலையாத பேப்பர் எடைக்குப் போகிறது. படித்தவருக்கு மிஞ்சுவது, தனக்கு ஆங்கிலம் ஏறாது என்ற முடிவு மட்டும்தான்.

அந்த முடிவு தவறு. அறிவுரையும் பாதிதான் சரி. வாசிப்பால் மொழி வளரும் என்பதற்கு உறுதியான ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் இரண்டு நிபந்தனைகள் உள்ளன: உரை எளிதாக இருக்க வேண்டும், அளவு ஏராளமாக இருக்க வேண்டும். இரண்டாவதை எல்லோரும் சொல்கிறார்கள். முதலாவதை ஏறக்குறைய யாருமே சொல்வதில்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

## முதலில் நான்கு சொற்கள்

1. ஆழ்ந்த வாசிப்பு: ஒரு சிறு பத்தியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதி, இலக்கணம் பிரித்துப் படிப்பது. பள்ளிப் பாடநூல் முறை இதுதான்.

2. பரந்த வாசிப்பு: எளிதான நூல்களை அகராதியின் துணையின்றி, கதைக்காகவோ செய்திக்காகவோ நிறையப் படித்துத் தள்ளுவது. கேள்வி பதில் கிடையாது, தேர்வும் கிடையாது.

3. சொற்குடும்பம்: ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைப்பவையும். ஹெல்ப், ஹெல்ப்டு, ஹெல்ப்ஃபுல், ஹெல்ப்லெஸ் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். ஒன்று தெரிந்தால் மற்றவற்றை ஓரளவு ஊகிக்கலாம் என்பதால், ஆய்வாளர்கள் சொற்களைக் குடும்பமாகவே எண்ணுகிறார்கள்.

4. தெரிசொல் விழுக்காடு: ஒரு பக்கத்தில் உள்ள மொத்தச் சொற்களில் வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்தவை எத்தனை விழுக்காடு என்ற கணக்கு. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது.

## 98 என்ற எண்

நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் பால் நேஷன், ஹு என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு கதையை எடுத்துக்கொண்டு, அதில் குறிப்பிட்ட விழுக்காடு சொற்களை நீக்கிவிட்டு, அந்த இடங்களில் எந்த மொழியிலும் இல்லாத பொய்ச் சொற்களை வைத்தார்கள். எத்தனை சொல் தெரியாவிட்டால் கதை கையை விட்டுப் போகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். 80 விழுக்காடு மட்டும் தெரிந்த நிலையில் ஒருவருக்குக்கூடப் போதிய அளவு புரியவில்லை. 90, 95 என்ற நிலைகளில் சிலர் சமாளித்தார்கள், பெரும்பாலோரால் முடியவில்லை. யாருடைய துணையும் இல்லாமல் படித்துப் புரிந்துகொள்ள 98 விழுக்காடு அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

250 சொற்கள் கொண்ட ஒரு பக்கத்தில் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

- 98 விழுக்காடு தெரிந்தால் தெரியாத சொற்கள் 5.
- 95 விழுக்காடு என்றால் 12 அல்லது 13.
- 90 விழுக்காடு என்றால் 25.
- 80 விழுக்காடு என்றால் 50.

ஒரு சொல்லுக்குப் போனில் பொருள் பார்க்க அரை நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 90 விழுக்காடு தெரிந்தவர் ஒரு பக்கத்துக்கு அகராதியில் மட்டும் 12 நிமிடத்துக்கு மேல் செலவிடுகிறார். வாக்கியத்தின் பாதியில் போனை எடுத்து, பொருள் பார்த்து, அதற்குள் வந்து விழுந்த வாட்ஸாப் செய்தியையும் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது வாக்கியத்தின் தொடக்கம் மறந்திருக்கும். பள்ளியில் 90 என்பது தலை நிமிர்ந்து சொல்லக்கூடிய மதிப்பெண். வாசிப்பில் அது கரையேற முடியாத நிலை.

## நாளிதழ் ஏன் முதல் படி ஆகாது

அதே பால் நேஷன் 2006-இல் இன்னொரு கணக்கைக் கொடுத்தார். ஆங்கில நாவலையோ நாளிதழையோ 98 விழுக்காடு தெரிந்த நிலையில் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும். பேச்சைப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000 போதும்.

ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் முதல் 2,000 குடும்பங்களைக் கற்றவருக்கு நாளிதழ் உரையில் சுமார் 80 விழுக்காடு தெரிந்திருக்கும். கேட்க நல்ல எண்ணிக்கையாகத் தோன்றும். மேலே சொன்ன ஆய்வில் ஒருவருக்கும் புரியாமல் போனது இதே 80-இல்தான். பிளஸ் டூ முடித்து, அடிப்படைச் சொற்கள் எல்லாம் கைவசம் உள்ள ஒருவர் தலையங்கப் பக்கத்தில் தடுக்கி விழுவதற்குக் காரணம் அவருடைய சோம்பலும் அல்ல, திறமைக் குறைவும் அல்ல. படிக்க எடுத்த உரை அவருக்கு நான்கைந்து நிலை மேலே இருக்கிறது.

இதோடு தலைப்புகளின் தொல்லை வேறு. ஆங்கில நாளிதழ்த் தலைப்புகளுக்குத் தனி இலக்கணம் உண்டு. இடம் மிச்சம் பிடிக்க 'தி', 'இஸ்' போன்ற சொற்களை விட்டுவிடுவார்கள். நடந்து முடிந்ததை நிகழ்காலத்தில் எழுதுவார்கள். நடக்கப்போவதை 'டு' என்று ஒரே சொல்லில் முடிப்பார்கள்: 'சி.எம். டு ஓபன் பிரிட்ஜ்' என்றால் முதல்வர் பாலத்தைத் திறக்கவிருக்கிறார். 'டூ ஹெல்ட் ஃபார் தெஃப்ட்' என்று ஒரு செய்தி. 'ஹெல்ட்' என்பதற்குப் பிடித்துக்கொண்டிருந்தான் என்று பள்ளியில் படித்தவர், இரண்டு பேர் எதைப் பிடித்தார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பார். திருட்டு வழக்கில் இருவர் கைது என்பதுதான் செய்தி. 'ப்ரோப்' என்றால் விசாரணை, 'நாட்' என்றால் ஒப்புதல். இவற்றைத் தலைப்புக்கு வெளியே அன்றாட ஆங்கிலத்தில் அடிக்கடி பார்க்க முடியாது. ஆங்கிலம் கற்க வந்தவர் மாதக் கடைசியில் தலைப்புகளை மட்டும் படிக்கிறார் என்றால், அந்த மொழியின் மிகக் கோணலான பகுதியை மட்டும் படிக்கிறார் என்று பொருள்.

நாளிதழை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. அதில் நுழைய ஒரு பக்கவாசல் இருக்கிறது: தமிழில் ஏற்கெனவே தெரிந்த செய்தியை ஆங்கிலத்தில் படிப்பது. புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கப் பதக்கம் வென்ற செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் வடசென்னையில் அதைப் பற்றிப் பேசாத டீக்கடை இருந்திருக்காது. யார், எங்கே, எத்தனை பதக்கம் என்பதெல்லாம் தெரிந்தவர் அதே செய்தியை ஆங்கிலத்தில் படித்தால், தெரியாத சொல்லின் பொருளைச் செய்தியே சொல்லிவிடும். பின்னணி அறிவு தெரிசொல் விழுக்காட்டின் குறையை ஓரளவு ஈடுகட்டும். விளையாட்டுப் பக்கமும் உள்ளூர்ச் செய்தியும் இதற்கு ஏற்றவை. தலையங்கம் கடைசியில் வரட்டும்.

## டாக்காவிலிருந்து ஒரு யோசனை

எளிதான உரை வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. அதைத் திட்டமாகச் செய்து பார்த்தவர்களில் முக்கியமான ஒருவர் நம் துணைக்கண்டத்தில்தான் வேலை பார்த்தார். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றி, வங்காளத்து மாணவர்களின் ஆங்கிலக் கல்வியைப் பற்றி 1926-இல் ஓர் அறிக்கை எழுதினார். அவரை உறுத்திய விஷயம் இது: சேர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் முழுப் படிப்பையும் முடிப்பதில்லை. இடையில் நிற்கும் பிள்ளை கையில் என்ன எடுத்துப் போகிறது?

இதற்கு அவர் காப்பீட்டுத் துறையிலிருந்து ஒரு சொல்லை எடுத்தார்: சரண்டர் மதிப்பு. எல்.ஐ.சி. பாலிசியைப் பாதியில் நிறுத்தியவர்களுக்கு இது விளக்கம் இல்லாமலே புரியும். கட்டியதற்கு ஈடாக அந்த நேரத்தில் கைக்கு வரும் தொகை. இலக்கண விதிகளை மூன்று வருடம் உருப்போட்டுவிட்டு நின்ற பிள்ளைக்கு அந்தத் தொகை பூஜ்யம். ஆனால் எளிய ஆங்கிலத்தைச் சுயமாகப் படிக்கக் கற்றுவிட்டு நின்றால், அந்தத் திறன் பிள்ளையோடு போகும், பள்ளிக்கு வெளியிலும் வளரும். ஆகவே வாசிப்பை முதலில் கொடுங்கள், அதற்கேற்ற எளிய நூல்களை உருவாக்குங்கள் என்றார் வெஸ்ட். தாமே உருவாக்கவும் செய்தார். அவர் தொகுத்த, அதிகம் புழங்கும் சுமார் 2,000 சொற்களின் பட்டியல் 1953-இல் வெளியாயிற்று. இன்று உலகெங்கும் விற்கும் தரப்படுத்தப்பட்ட வாசிப்பு நூல்கள் இந்த வழியில் வந்தவையே.

தரப்படுத்தப்பட்ட நூல் என்றால், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு உட்பட்ட சொற்களால் எழுதப்பட்ட நூல். ஆக்ஸ்போர்டு பதிப்பகத்தின் புக்வோர்ம்ஸ் வரிசையில் முதல் நிலை 400 அடிப்படைச் சொற்களில் தொடங்கி, 700, 1,000, 1,400, 1,800 என்று ஏறி, ஆறாம் நிலையில் 2,500-ஐத் தொடுகிறது. துப்பறியும் கதையும் பேய்க் கதையும் காதல் கதையும் அதில் உண்டு. முதல் நிலை என்றதும் குழந்தைப் புத்தகம் என்று முகம் சுளிக்கும் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சுளிப்புதான் இந்த வழியில் பெரிய தடை என்பது என் எண்ணம். படித்தால் பெருமையாக இருக்கும் நூலைத் தேடுகிறார்கள், படிக்க முடிகிற நூலை விட்டுவிடுகிறார்கள்.

தமிழில் இதே ஏற்பாட்டை நம் அரசுப் பள்ளிகள் செய்திருக்கின்றன. 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரித்துக் கொடுத்தார்கள். தாய்மொழிக்கே நுழையும் நடையும் தேவை என்றால், அயல்மொழியில் முதல் நாளே பற என்று தலையங்கத்தைக் கையில் கொடுப்பது என்ன நியாயம்?

## ஒரு சொல் எத்தனை முறை கண்ணில் பட வேண்டும்

எளிதான உரையில் புதிய சொல் குறைவாகத்தானே இருக்கும், பிறகு எப்படி வளர்வது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதில் அளவில் இருக்கிறது.

ஒரு சொல்லை ஒருமுறை பார்த்தால் நினைவில் நிற்பது அரிது. வெவ்வேறு இடங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கும்போதுதான் அதன் பொருளும், அது எந்தச் சொல்லோடு சேரும் என்பதும் படியும். 12 முறை பார்த்தால் போதும் என்று வைத்துக்கொண்டு, அதற்கு எவ்வளவு உரை படிக்க வேண்டும் என்று பால் நேஷன் 2014-இல் கணக்கிட்டார். புழக்க வரிசையில் இரண்டாவது ஆயிரம் சொற்களுக்கு, அதாவது 1,001 முதல் 2,000 வரை உள்ளவற்றுக்கு, சுமார் 1,70,000 சொற்கள் நீளமுள்ள உரை போதும். மூன்றாவது ஆயிரத்துக்குச் சுமார் 3,00,000. நான்காவதுக்கு 5,00,000-க்குச் சற்று மேல். ஐந்தாவதுக்கு 10,00,000-ஐத் தாண்டுகிறது. ஒன்பதாவது ஆயிரத்துக்கு ஏறக்குறைய 30,00,000.

இதை நாளாக மாற்றலாம். நிமிடத்துக்கு 100 சொற்கள் என்பது நிதானமான கற்போர் வேகம். தினமும் 20 நிமிடம் என்றால் 2,000 சொற்கள்.

1. இரண்டாவது ஆயிரத்துக்கான உரையை முடிக்க மூன்று மாதத்துக்குள் ஆகும்.
2. மூன்றாவது ஆயிரத்துக்கு ஐந்து மாதம்.
3. நான்காவதுக்கு ஒன்பது மாதம்.
4. அதற்கு மேல் போக 20 நிமிடம் போதாது. ஆனால் அந்த நிலையை எட்டுவதற்குள் வேகமும் ஏறியிருக்கும் என்பதால் அதே 20 நிமிடத்தில் கூடுதல் சொற்கள் ஓடும்.

சுவரெங்கும் ஒட்டியிருக்கும் 30 நாளில் சரளமான ஆங்கிலம் என்ற விளம்பரத்துக்கும் இந்தக் கணக்குக்கும் எங்கும் பொருத்தம் இல்லை. வாசிப்பு மெதுவான வழி. ஆனால் பீஸ் கட்ட வேண்டாத வழி.

பள்ளி அளவில் இது வேலை செய்யுமா என்று பசிபிக் தீவு நாடான பிஜியில் சோதித்தார்கள். வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் ஆகிய இருவர், கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள் எட்டுக்குத் தலா சுமார் 250 ஆங்கிலக் கதைப்புத்தகங்களைக் கொடுத்தார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். சில பள்ளிகளில் ஆசிரியர் வாசித்துக் காட்டி எல்லோரும் பேசினார்கள். மற்றவற்றில் பிள்ளைகள் தினமும் தாங்களாகவே அமைதியாகப் படித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, வழக்கமான இலக்கணப் பயிற்சியே தொடர்ந்த பள்ளிகளும் இருந்தன. 1983-இல் வெளியான முடிவின்படி, முதல் எட்டு மாதத்தில் வாசித்தும் கேட்டும் புரிந்துகொள்ளும் திறனில் புத்தகம் பெற்ற பிள்ளைகள் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறினார்கள். இரண்டாம் ஆண்டில் அந்த வளர்ச்சி எழுத்திலும் தெரிந்தது. புத்தகங்கள் படங்களோடு, பிள்ளைகளுக்குப் பிடித்தமானவையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது. யாரும் நாளிதழைக் கொடுக்கவில்லை.

## தமிழ் வாசகருக்குத் தனியாகக் கிடைப்பவை

இலக்கணப் புத்தகத்தால் முழுதும் தர முடியாத மூன்று இடங்களில் வாசிப்பு தமிழருக்குக் கைகொடுக்கிறது.

1. 'தி', 'அ' என்ற சிறு சொற்கள். "காசிமேட்டுக்கு ஒரு விசைப்படகு வந்தது. படகில் ஐந்து பேர் இருந்தார்கள்" என்று தமிழில் எழுதும்போது, முதல் வாக்கியத்தில் 'ஒரு' வருகிறது, இரண்டாவதில் வெறும் 'படகு' போதும். ஆங்கிலத்தில் அந்த வெறும் இடத்தில் 'தி' வந்தே ஆக வேண்டும். தமிழில் காலியாக இருக்கும் இடம் என்பதால் நமக்கு விட்டுப்போகிறது. ஆங்கில உரையில் ஏறக்குறைய இருபது சொல்லுக்கு ஒன்று 'தி'. தினமும் 2,000 சொற்கள் படிப்பவர் அதைச் சரியான இடத்தில் 100 முறை பார்க்கிறார். விதியை உருப்போட்டு இந்த அளவுப் பழக்கத்தை உண்டாக்க முடியாது.

2. முன்னிடைச் சொற்கள். பெட்டியில், மேசையில், ஸ்டேஷனில் என்று நாம் 'இல்' ஒன்றை வைத்து மூன்றையும் முடித்துவிடுகிறோம். ஆங்கிலம் இன், ஆன், அட் என்று மூன்றாகப் பிரிக்கிறது. காருக்கு இன், பஸ்ஸுக்கு ஆன் என்பதற்கெல்லாம் காரணம் தேடுவதைவிடப் பார்த்துப் பழகுவது விரைவு.

3. வாக்கிய வரிசை. 'நேற்று மார்க்கெட்டில் மீன் வாங்கிய பெண்' என்று தமிழில் விவரம் எல்லாம் முன்னால் வந்து பெண் கடைசியில் வருவாள். ஆங்கிலத்தில் பெண் முதலில், விவரம் பின்னால். வினைச்சொல்லும் நமக்குக் கடைசி, அவர்களுக்கு நடு. மனத்துக்குள் தமிழாக்கிப் படிப்பவரின் கண், வாக்கியத்தின் கடைசிக்குப் போய்த் திரும்பி வருகிறது. எளிய உரையை நிறையப் படிக்கும்போது இந்தத் திரும்பல் குறைந்து, வந்த வரிசையிலேயே பொருள் பிடிபடும்.

இங்கே பெற்றோர் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்துவிட்டன. பிள்ளை ஆங்கில வழியில் சேர்ந்ததும் வீட்டில் தமிழ்க் கதைப்புத்தகத்தை நிறுத்திவிடுகிறார்கள். கனடா நாட்டு ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே இதற்கு மாறான கருத்தை முன்வைத்தார்: ஒரு மொழியில் வளர்ந்த வாசிப்புத் திறன் இன்னொரு மொழிக்கும் போய்ச் சேரும். அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது, சொல்லாமல் விட்டதைப் புரிந்துகொள்வது, கதையின் முன்பின்னை நினைவில் வைப்பது ஆகியவற்றை இரண்டாம் முறை கற்க வேண்டியதில்லை. ஆங்கிலம் படிக்கத் தெரியாத அம்மாவும் பாட்டியும் தமிழ்க் கதையைப் படித்துக் காட்டலாம். அது பிள்ளையின் ஆங்கிலத்துக்கும் உதவும்.

## வாசிப்பு தராதவை

வாசித்தால் எல்லாம் வரும் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. புரிகிற மொழியை நிறையக் கேட்பதும் படிப்பதுமே மொழி கைவரப் போதும் என்று அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1980-களில் வாதிட்டார். அதற்கு வலுவான மறுப்பு கனடாவிலிருந்து வந்தது. அங்கே பாடங்களையே பிரெஞ்சு மொழியில் பயின்ற பிள்ளைகள், கேட்டும் படித்தும் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆனால் பேசும்போதும் எழுதும்போதும் இலக்கணப் பிழைகள் நீங்கவில்லை. தானாக வாக்கியம் அமைக்கும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்பது தெரியவரும் என்று மெரில் ஸ்வெய்ன் 1985-இல் எழுதினார். படித்த கதையை நாலு வரியில் ஆங்கிலத்தில் எழுதிப் பார்ப்பதும், அதையே நண்பரிடம் சொல்லிப் பார்ப்பதும் அதனால்தான் தேவை.

இன்னொன்று உச்சரிப்பு. தமிழில் எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒலி தெரிந்துவிடும். அந்த நம்பிக்கையோடு ஆங்கிலத்துக்குப் போகிறோம். 26 எழுத்துகளை வைத்து 44 அளவிலான ஒலிகளை எழுதும் மொழி அது. தோ, த்ரூ, ரஃப், காஃப் என்ற நான்கு சொற்களின் கடைசி நான்கு எழுத்துகளும் (ஓ, யூ, ஜி, எச்) ஒன்றே, ஒலி நான்கு விதம். கண்ணால் மட்டுமே ஆங்கிலம் கற்றவர் தனக்கென்று ஓர் உச்சரிப்பை உருவாக்கி வைத்துக்கொள்வார். பிறகு மாற்றுவது கடினம். ஒலிப்பதிவோடு வரும் நூல்களைத் தேர்ந்து, வாசிப்பவரின் குரலைக் கேட்டுக்கொண்டே வரிகளின் மேல் கண்ணை ஓட்டுவதுதான் இதற்கு வழி. வாரத்தில் இரண்டு நாளாவது அப்படிச் செய்யலாம்.

## புத்தகம், இடம், நேரம்

சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில்தான் 1948-இல் வந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். சொத்துவரியோடு 10 விழுக்காடு நூலக வரி சேர்த்து வசூலிக்கப்படுவது அந்தச் சட்டத்தின் வழியாகத்தான். ராயபுரத்தில் சொந்த வீடு வைத்திருப்பவர் நேரடியாகக் கட்டுகிறார், வாடகைக்கு இருப்பவர் வாடகையில் கட்டுகிறார். கிளை நூலகத்தில் எளிய ஆங்கில நூல் இல்லையென்றால், வேண்டும் என்று எழுதிக் கேட்பது உரிமை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. ஒன்பதாயிரம் சொல் தெரிந்தவருக்கு ஒரு நூல் என்றால், தொள்ளாயிரம் சொல் தெரிந்தவருக்கும் ஒரு நூல் இருக்க வேண்டும்.

பழைய புத்தகத்துக்கு 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் வாரிசுகளான, சென்ட்ரலை ஒட்டிய அல்லிக்குளம் வளாகத்துக் கடைகள் வடசென்னைக்காரர்களுக்குப் பழக்கமானவை. அங்கே போகிறவர் ஐந்து விரல் சோதனையை வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்க வேண்டும். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்க வேண்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகத்தை வைத்துவிடலாம். 250 சொற்களில் 5 என்பது மேலே பார்த்த அதே 98 விழுக்காடுதான்.

போனில் படிப்பவர்களுக்கு, பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரே கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பார்க்க முடிவது இதன் தனி வசதி. காப்புரிமை முடிந்த பழைய ஆங்கில நாவல்களும் இணையத்தில் இலவசமாகக் கொட்டிக் கிடக்கின்றன. இலவசம் என்பதற்காக அவற்றில் கை வைக்க வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலம் இன்றைய நாளிதழைவிடக் கடினம்.

இடம்தான் பல வீடுகளில் உண்மையான சிக்கல். வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒற்றை அறை வீட்டில் டிவி ஓடும்போது 20 நிமிட அமைதி என்பது சொகுசு. கொளத்தூரில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகம் போன்ற படிப்பிடங்களில் மாணவர்கள் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பக்கத்தில் அப்படி ஒன்று இல்லாதவர்களுக்குப் பயண நேரம் இருக்கிறது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் பெரும்பாலும் உட்கார இடம் கிடைக்கும். சென்ட்ரல் வருவதற்குள் அன்றைய 2,000 சொற்கள் முடிந்துவிடும்.

## தேர்வு எழுதுபவருக்கு

வங்கிப் பணிக்கான ஐ.பி.பி.எஸ். முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலப் பகுதிக்கு 30 கேள்விகள், 20 நிமிடம். ஒரு கேள்விக்கு 40 நொடி. அதில் 400 சொற்கள் கொண்ட ஒரு பத்தி வந்தால், நிமிடத்துக்கு 100 சொல் வேகத்தில் படிப்பவருக்குப் படிக்க மட்டுமே 4 நிமிடம், அதாவது மொத்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 200 சொல் வேகத்தில் படிப்பவர் 2 நிமிடத்தில் கேள்விக்கு வந்துவிடுவார். கதையல்லாத ஆங்கில உரையை மௌனமாக வாசிக்கும் பெரியவர்களின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள் என்று, 190 ஆய்வுகளைத் தொகுத்துப் பெல்ஜிய உளவியலாளர் மார்க் பிரைஸ்பார்ட் 2019-இல் கணக்கிட்டார். இலக்கண விதிகள் எல்லாம் தெரிந்தும் ஆங்கிலப் பகுதியில் கட் ஆஃப் தாண்டாதவர்கள் பலருக்கு உண்மையில் குறைவது வேகம்.

இதில் நம் வீட்டுப் பழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது. சத்தம் போட்டுப் படித்தால்தான் படிப்பு என்று வளர்ந்திருக்கிறோம். வாய் அசையும்வரை வாசிப்பு வேகம் பேச்சு வேகத்தைத் தாண்டாது. மனப்பாடத்துக்கு அது சரி, வேகத்துக்கு ஆகாது. உதட்டை மூடிக்கொண்டு, தெரிந்த எளிய நூலையே மணி பார்த்துப் படித்துப் பழக வேண்டும். ஒரே பக்கத்தை இரண்டு மூன்று முறை படித்து ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்து வைப்பது நல்ல பயிற்சி.

எப்போது தொடங்குவது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. தேர்வுக்கு ஓராண்டுக்கு மேல் இருந்தால், முதல் மூன்று மாதம் தரப்படுத்தப்பட்ட நூல்கள், அடுத்த ஐந்தாறு மாதம் அதன் உயர்நிலைகளும் தமிழில் படித்து முடித்த செய்திகளின் ஆங்கில வடிவமும், கடைசியில் தலையங்கம் என்று போகலாம். அறிவுரை சொல்பவர்கள் முதலில் வைக்கும் தலையங்கம் இந்த வரிசையில் கடைசியில் வருவதைக் கவனிக்கலாம். தேர்வு இரண்டு மாதத்தில் என்றால், இந்த வழி அதற்குள் பலன் தராது. அவர்கள் பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துப் போட்டுப் பார்ப்பதே மேல். கதைப்புத்தகத்தைத் தேர்வு முடிந்த மறுநாள் எடுக்கலாம்.